மன்னர் கை எட்டாத துறைமுகங்களில்: நடுக்கால இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சொந்த நாட்டு அரசரின் பாதுகாப்பு இல்லாத ஊரில் வணிகர்கள் எந்தத் துணிவில் சரக்கை இறக்கினார்கள், ஐயா?

பதில்: கொல்லத்தில் நடந்ததைப் பாருங்கள். 849-ஆம் ஆண்டில் தென்கேரளத்தின் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் வரி உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு எழுதினார். அந்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுக்களிடம் விடப்பட்டது. செப்பேட்டின் முடிவில் சாட்சிகள் சிலர் அரபுக் கூஃபி எழுத்திலும், சிலர் பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்திலும், சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். இதைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகச் சொல்வது வழக்கம். அது தவறில்லை, ஆனால் நான் இதில் வணிகக் கணக்கையே முதலில் காண்கிறேன். துறைமுகத்தில் கொடுக்கப்பட்ட வாக்கு மீறப்பட்டால் இழப்புக்கு உள்ளாகிறவர்களும், அந்தச் செய்தியைப் பாரசீக வளைகுடா வரை கொண்டுசெல்லக் கூடியவர்களும் இந்தச் சாட்சிகளே. அப்படிப்பட்டவர்களைச் சாட்சி வைத்து எழுதிய ஆவணத்தை அடுத்து வரும் ஆட்சியாளர் எளிதில் தள்ளிவிட முடியாது.

கேள்வி: ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சோழ அரசின் வணிகப் பிரிவு என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அவர்கள் கர்நாடகத்து ஐஹொளேயைத் தாயிடமாகக் கொண்டவர்கள்; கன்னட, தெலுங்கு, தமிழ் நாடுகளிலும் இலங்கையிலும் பல அரசுகளின் கீழ் இயங்கினார்கள்; சொந்தக் காவல் வீரர்களையும் வைத்திருந்தார்கள். சுமத்திராவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்துக்குப் பெயர்போன பாரூசில், அவர்கள் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கடலோடி வருகிறவர்கள் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு கணக்கிட்ட கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்திய பிறகே ஊருக்குள் வரலாம் என்று அது விதிக்கிறது. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1088-இல் எழுதப்பட்ட அந்தக் கல் காலத்தைப் பொதுவான சக ஆண்டுக் கணக்கால் குறிக்கிறதே தவிர, சோழ மன்னரின் ஆட்சியாண்டால் குறிக்கவில்லை. கட்டணத்தை விதித்ததும் வாங்கியதும் குழுவே.

கேள்வி: ஒரு பயணத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது?

பதில்: தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர் வடகிழக்குக் காற்று எழும் வரை திரும்ப முடியாது, எனவே பயணக் காலத்தோடு காத்திருப்பு மாதங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அயல்நாட்டார் குடியிருப்புகளும் அவர்களுடைய வழிபாட்டிடங்களும் துறைமுகந்தோறும் தோன்றியதற்கு இந்தக் காத்திருப்பு ஒரு பெரிய காரணம்.

கேள்வி: கப்பல் உடைந்தால் இழப்பை யார் ஏற்றார்கள்?

பதில்: பல கரைகளில் உடைந்த கப்பலின் சரக்கு அந்தக் கரையின் அரசருக்கே போனது. காகதீய மன்னர் கணபதிதேவர் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் 1244-இல் வெளியிட்ட அபய சாசனம், முந்தைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொன்னையும் யானை, குதிரைகளையும் பறித்துக்கொண்டதைச் சொல்லி, இனி உரிய சுங்கம் தவிர எதுவும் எடுக்கப்படாது என்று உறுதி கூறுகிறது. நூறாண்டு கழித்து மலபாருக்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதாவும், மற்ற ஊர்களில் உடைந்த கலத்தின் சரக்கு கருவூலத்துக்குப் போக, கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவருக்கே விடப்பட்டது என்றும், அதனால்தான் அவ்வூர் செழித்தது என்றும் எழுதுகிறார். பாண்டியர்களின் ஏற்பாடு இன்னும் துணிச்சலானது: குதிரை ஒன்றுக்கு 220 தீனார் என விலை பேசி, வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே பணம் தர வேண்டும் என்ற உடன்படிக்கை இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். விற்பவருக்கு இதைவிட வசதியான நிபந்தனை இருக்க முடியாது.

கேள்வி: கல்வெட்டுகளை விட்டால், சாதாரண வணிகர் ஒருவரின் அன்றாடம் நமக்குத் தெரியுமா?

பதில்: நன்றாகவே தெரியும். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்ற வழக்கத்தால் சேர்ந்துபோன ஏட்டுக் குவியலில், வணிகக் கடிதங்களும் கிடந்தன. துனீசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜூ 1132 முதல் 1149 வரை மலபார்க் கரையில் வாழ்ந்தார். மங்களூரில் அவருக்கு வெண்கலப் பட்டறை இருந்தது. யேமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து பழைய செம்பும் உடைந்த பாத்திரங்களும் வரும், அவை புதுப் பாத்திரங்களாகி மிளகு, இரும்பு, ஏலக்காயோடு திரும்பிப் போகும். அவருக்கு எழுதும் காகிதமும் சர்க்கரையும் உலர்திராட்சையும் ஏடன் கூட்டாளிகள் அனுப்பினார்கள். பொம்மா என்ற உள்ளூர் அடிமை அவருடைய முகவராகக் கடல் கடந்து போய்வந்தார். அசு என்ற அடிமைப் பெண்ணை அவர் 1132-இல் விடுதலை செய்த ஆவணமும் நம்மிடம் இருக்கிறது. இந்த வணிகத்தில் மனிதரும் விலைக்கு வாங்கப்பட்டார்கள் என்பதைக் கடிதங்களின் இனிமையில் மறந்துவிடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த கடிதம் ஏலக்காய் பற்றியது. மலபாரிலிருந்த தரகர் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்குத் தரவில்லை. ஏடனிலிருந்த கூட்டாளி, கடனை அடைக்காத ஆட்களை இங்கே ஏடனில் நாங்கள் சமயவிலக்குச் செய்வோம் என்று சொல்லி அவரைப் பயமுறுத்திப் பாருங்கள் என்று யோசனை எழுதுகிறார். வழக்குமன்றத்தையோ மன்னரையோ அவர் நினைக்கவே இல்லை. பெயர் கெடும் என்ற அச்சத்தையே நம்பியிருக்கிறார்.

கேள்வி: சீனாவில் தமிழர் கோவில் இருந்தது உண்மைதானா?

பதில்: உண்மை. சுவான்சௌ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் உடல்நலத்துக்காகச் சிவனை எழுந்தருளுவித்ததை, தமிழிலும் சீனத்திலும் பொறித்த 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

கேள்வி: இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு சமத்துவத்தின் சின்னம் என்கிறார்களே?

பதில்: அரைப்பங்கு சரி. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல், புத்தருக்குச் சீனத்திலும், தேனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்குத் தமிழிலும், அல்லாவுக்குப் பாரசீகத்திலும் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. மூன்றிலும் காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றே. யார் கையில் இத்துறைமுகங்கள் இருந்தன என்பதைச் சீன அரசு துல்லியமாக அறிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அதே செங் ஹோவின் படை 1411-இல் இலங்கை ஆட்சியாளர் அழகேசுவரரோடு போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சிறைப்பிடிப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.