மைக்கைவிட மினிட்ஸ் முக்கியம்: இளம் ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

நிலத்தடி நீரில் முனைவர் பட்டம் முடித்து நான்கு வருடம் ஆகிறது. தென்மாவட்டக் கண்மாய்களைச் சுற்றித்தான் என் வேலை. அப்படியே கருத்துக்கேட்புக் கூட்டம் (ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பது), கிராம சபை, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) என்றும் கொஞ்சம் அலைந்துவிட்டேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள், என்னை அல்ல.

ஆய்வு மாணவி, இரண்டாம் ஆண்டு, கோவை: எங்கள் ஊர்ப் பக்கம் கல்குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது. கைடு "முதலில் தீசிஸை முடி" என்கிறார். போகலாமா?

போங்கள். விடுப்பு போட்டுவிட்டு, ஊர்க்காரராகப் போங்கள். பேசும்போது கல்லூரிப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கைடு சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மாதம் ஒரு கூட்டம் என்று கிளம்பிவிட்டால் தீசிஸ் அப்படியே கிடக்கும். வருடத்துக்கு ஒன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம், அது போதும்.

வேதியியல் உதவிப் பேராசிரியர், விருதுநகர்: கருத்துக்கேட்பில் என்னதான் நடக்கும்? எப்படிப் பேசினால் எடுபடும்?

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இதை நடத்துவது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பவர் கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் கூடுதல் கலெக்டர் நிலை அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்பு பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் பாதிப்பைப் பற்றிய வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். முழு அறிக்கை கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்கும். அந்த 30 நாளில்தான் உங்கள் வேலையே.

நான் முதல்முறை பேசிய கதையைச் சொன்னால் புரியும். ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைகள். அவர்கள் யார் ஆட்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என் முறை வந்ததும் மின்கடத்துதிறன், மொத்தக் கரைதிண்மம் என்று மூன்று நிமிடம் பொழிந்து தள்ளினேன். கையில் கலர் பிரிண்ட் வேறு. இறங்கி வந்தபோது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, அந்தத் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாமா, கூடாதா?" நான் பேசியதில் அதற்குப் பதிலே இல்லை.

கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை, அதாவது மினிட்ஸை, தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நான் காத்திருந்தேன். என் மூன்று நிமிடமும் ஒரே வரியாக வந்தது: "நிலத்தடி நீர் குறித்துக் கவலை தெரிவித்தார்." அவ்வளவுதான். என் எண் ஒன்றுகூட அதில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வேறு மாதிரி தயாரானேன். "500 மீட்டருக்குள் நீர்நிலை ஏதும் இல்லை" என்று வரைவு அறிக்கையில் எழுதியிருந்தார்கள். எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தால், பக்கத்துச் சர்வே எண்ணில் "அரசு புறம்போக்கு, கண்மாய்" என்றிருந்தது. வேதியியல் பேச்சையே எடுக்கவில்லை. பக்க எண், சர்வே எண், தூரம், இந்த மூன்றையும் அரைப் பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். இணைப்பாகச் சேர்க்கச் சொல்லி, நகலில் தேதி முத்திரையும் வாங்கிக்கொண்டேன். குறிப்பை வாசிக்கும்போது சர்வே எண் விடுபட்டிருந்தது. எழுந்து சொன்னதும் சேர்த்தார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், அனுமதி கொடுப்பதா இல்லையா என்பதை அந்த மேடையில் யாரும் முடிவு செய்வதில்லை. குறிப்பும் வீடியோவும் மேலே நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். எழுப்பிய கேள்விகளுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு அனுமதி வந்துவிட்டாலும் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது, தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். சென்னையிலேயே தென்மண்டல அமர்வு உண்டு. அங்கே முதலில் புரட்டுவது அந்தக் குறிப்பைத்தான். மேடையில் கைதட்டு வாங்கியது அதில் இருக்காது.

மத்திய அரசு நிறுவன விஞ்ஞானி (புதிதாகச் சேர்ந்தவர்): நான் பத்திரிகையில் எழுதலாமா? நடத்தை விதி தடுக்கிறதே?

1964-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 8-ஐயும் 9-ஐயும் சேர்த்துப் படியுங்கள். முற்றிலும் அறிவியல் தன்மை கொண்ட எழுத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்கிறது 8. அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்கிறது 9. "இந்த ஏரியில் பாஸ்பரஸ் இவ்வளவு, இந்த அளவுக்கு மேல் போனால் பாசி பிடிக்கும்" என்று எழுதலாம். "அரசு தூங்குகிறது" என்று எழுதினால் மெமோ வரும். சில தன்னாட்சி நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. திட்ட உதவியாளராக இருப்பவர்கள் நியமன ஆணையின் பின்பக்கத்தைப் படியுங்கள்; நிபந்தனைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இயற்பியல் ஆய்வாளர், சென்னை: கொள்கையில் தலையிட்டால் நடுநிலை போய்விடாதா?

எழுபதுகளில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்தி ஆற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். எதிர்த்தவர்களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் ஒன்று. எம்.கே. பிரசாத் என்ற தாவரவியல் பேராசிரியர் முன்னால் நின்றார். சோலைமந்தியைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மின்சாரம், பொருளாதாரம் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, மலபாரின் மின்தேவைக்கு வேறு வழி என்ன என்று கணக்குப் போட்டார்கள். 1984-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பக்கம் எடுத்ததால் அவர்கள் கணக்கு பொய்யாகிவிடவில்லை. உங்கள் அளவீடு உங்கள் தரப்புக்கே எதிராக வந்தால் அதையும் வெளியே சொல்வீர்களா என்பதுதான் சோதனை. எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. ஊர்க்காரர்கள் ஆலையைக் குறை சொன்ன ஒரு கிணற்றில், உப்பு இயற்கையாகவே பாறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சொன்னேன். மூன்று மாதம் அந்தத் தெருவில் எனக்கு டீ கிடைக்கவில்லை!

தாவரவியல் முதுகலை மாணவர், மேலூர் பக்கம்: கிராம சபையில் நான் பேசலாமா?

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். வெளியூரில் இருந்து போகும் என்னைப் போன்றவர்கள் தீர்மானம் போட முடியாது. கேட்டால் விளக்கம் சொல்லலாம். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

உங்களுக்குப் பக்கத்து அரிட்டாபட்டிக் கதை தெரிந்ததுதான். 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் அதையும் உள்ளடக்கிய பகுதியை மத்திய அரசு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது. ஊராட்சிகள் கிராம சபைத் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் போட்டது, ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது மக்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் சுமார் 250 பறவை இனம், 72 ஏரி, 200 ஊற்று என்று அரசாணை வரைக்கும் போன எண்ணிக்கை ஏற்கெனவே கையில் இருந்தது. சண்டை வந்தபிறகு எண்ண உட்கார்ந்தால் நேரம் இருக்காது. உங்கள் ஊராட்சியில், ஊரின் செடிகொடி, உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர் பதிவேடு எந்த நிலையில் இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். தாவரவியல் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

பெயர் வேண்டாம்: பெண் ஆய்வாளர். குவாரி ஆட்கள் வீட்டு முகவரி கேட்டதாக அம்மா பயப்படுகிறார்.

அம்மாவின் பயம் நியாயம். களத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். மேடை ஏற வேண்டிய அவசியமே இல்லை. எழுத்து மூலமான கருத்தைக் கூட்டத்துக்கு முன்பே பதிவுத் தபாலில் வாரியத்துக்கு அனுப்பலாம். அதையும் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஆர்டிஐ போடும்போது அலுவலக முகவரியோ நண்பர் முகவரியோ கொடுக்கலாம். அதற்கும் மேல் பயமாக இருந்தால் தரவை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொறியியல் ஆய்வாளர், திருச்சி: ஆர்டிஐ போட்டால் "தகவல் இல்லை" என்றே வருகிறது.

"ஏன்" என்று கேட்டிருப்பீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். "2022 முதல் 2024 வரை இந்த ஆற்றில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வக அறிக்கை நகல்" என்று கேட்டால் தப்பிப்பது கஷ்டம். 10 ரூபாய், தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

உயிரித் தொழில்நுட்ப ஆய்வாளர், வேலூர்: இதெல்லாம் பதவி உயர்வில் கணக்கில் வருமா?

வராது. கணக்கில் வரும் பேப்பரையும் எழுதிக்கொண்டே இருங்கள்.

ஓய்வுபெற்ற வட்டாட்சியர், சிவகங்கை: தம்பி, அ-பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். யூடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) சமயத்தில் வகைப்பாடு மாறிய கண்மாய்கள் நிறைய. அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர். எனும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள்.

ஐயா, இது கேள்வியே இல்லை, எனக்குக் கிடைத்த பாடம். கையில் இருக்கும் இரண்டு சர்வே எண்களை நாளையே எடுத்துப் பார்க்கிறேன். பழைய கையெழுத்து புரியாவிட்டால் உங்களிடம்தான் வருவேன்.