ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்றால் கட்டியை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27, வெள்ளவத்தையில் இருக்கிறேன். இடது மார்பில் 22 மில்லிமீற்றர் அளவில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதைத்துண்டும் எடுத்துச் சோதித்ததில் ‘பைப்ரோஅடினோமா, பி2’ என்று அறிக்கை வந்தது. சத்திரசிகிச்சை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்கிறார் வைத்தியர். ஊசி குத்திய கட்டியை விட்டுவைத்தால் புற்றாகிவிடும், கல்யாணத்துக்கு முன் எடுத்துவிடு என்கிறார் பெரியம்மா. நான் என்ன செய்வது?

பதில்: பெரியம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம். அந்தப் பயத்தால் வெட்டுப்பட்ட மார்புகள் ஏராளம். ஊசி குத்துவதால் சாதாரணக் கட்டி புற்றாக மாறாது. குத்திய இடத்தில் இரத்தம் கட்டி நீலம் பாரித்திருக்கலாம், தொட்டால் நோகலாம். அது ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும். பைப்ரோஅடினோமா என்பது பாற்சுரப்பியும் அதைச் சுற்றிய நார்த்திசுவும் சேர்ந்து வளரும் கட்டி. இளம்பெண்களின் மார்பில் வரும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது. பல கட்டிகள் அளவு மாறாமலே இருந்துவிடும், சில தாமாகவே சுருங்கும்.

‘பி2’ என்றால் எடுத்த துண்டில் தீங்கற்ற மாற்றமே இருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கையால் தொட்டுப் பார்த்தது, ஸ்கேனில் தெரிந்தது, ஊசியில் கிடைத்தது ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். ஸ்கேனில் ஓரம் ஒழுங்கற்றுச் சந்தேகமாகத் தெரிந்தும் ஊசி ‘ஒன்றுமில்லை’ என்றால், ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று கேட்டு மறுபடி துண்டு எடுப்பதுதான் முறை.

கொழும்பில் இதில்தான் சிக்கல். ஸ்கேன் ஓரிடத்தில், பயொப்சி, அதாவது ஊசியால் துண்டெடுப்பது, இன்னோரிடத்தில், வைத்தியரைச் சந்திப்பது மூன்றாமிடத்தில் என்று அலைகிறோம். மூன்றையும் ஒருசேர மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமே இல்லாமல் போகலாம். எல்லா அறிக்கைகளையும் படங்களையும் ஒரே கோப்பில் போட்டு, “மூன்றும் ஒத்துப்போகிறதா, டொக்டர்?” என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் கத்தியை மறந்துவிடலாம். ஆறு மாதத் தவணையை மறக்க வேண்டாம்.

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே இடத்தில் எடுங்கள். 22 மில்லிமீற்றர் 24 ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம், அளப்பவரின் கை வித்தியாசமே அவ்வளவு வரும். ஆறு மாதத்தில் 27, 28 என்று போயிருந்தால், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்திருந்தால், கட்டியை எடுப்பது பற்றிப் பேசவேண்டும். ஏனென்றால், எடுக்கவேண்டிய வகையான பிலோடிஸ் என்ற இன்னொரு கட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் பைப்ரோஅடினோமா போலவே தோன்றும். சிறு துண்டை வைத்து இரண்டையும் பிரித்தறிவது சில வேளை முடியாது, வேகமாக வளர்வது பிலோடிஸைச் சந்தேகிக்கவைக்கும் அடையாளம். 3 சென்ரிமீற்றரைத் தாண்டியவற்றையும், மார்பின் வடிவத்தைக் கெடுப்பவற்றையும் எடுக்கும்படி பல வைத்தியர்கள் சொல்வார்கள். அறிக்கையில் ‘பி3’ (தீங்கற்றதென்று உறுதியாகச் சொல்ல முடியாதது) என்றோ, பப்பிலோமா (பாற்குழாய்க்குள் வளரும் சிறு கட்டி) என்றோ, இயல்பு மாறிய கலங்கள் என்றோ இருந்தால் கணக்கே வேறு. அதற்குக் காத்திருப்பு பொருந்தாது, சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகவேண்டும்.

கல்யாணத்துக்காக மட்டும் வெட்ட வேண்டாம். கட்டி இருப்பதால் கருத்தரிப்பதற்கோ பால் கொடுப்பதற்கோ தடையில்லை. மாறாக, முலைக்காம்பைச் சுற்றி வெட்டும்போது பாற்குழாய்கள் சேதமடையலாம். கர்ப்பகாலத்தில் ஹோர்மோன்களால் கட்டி கொஞ்சம் பெருக்கக்கூடும் என்பதால், அப்போது கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாம் விளங்கியும் கட்டி உள்ளே இருக்கிறதே என்ற நினைப்பில் தூக்கம் வரவில்லையென்றால், அதுவும் எடுப்பதற்கு ஏற்கத்தக்க காரணந்தான். ஆனால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும், பெரியம்மாவுடையதாக அல்ல. அப்படி எடுத்தால் வெட்டிய கட்டியைக் கட்டாயம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மாதவிடாய் தொடங்கி ஒரு வாரமளவில், மார்பு இளகியிருக்கும்போது, நீங்களே தடவிப் பாருங்கள். கட்டி சட்டென்று பெருத்தால், நகராமல் இறுகினால், தோல் உள்ளிழுத்தால், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால், அக்குளில் புதிதாக ஏதும் தட்டுப்பட்டால் ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டாம். உங்கள் வைத்தியரிடம் உடனே இடம் கிடைக்காவிட்டால் நாரஹேன்பிட்டியில் அரசாங்கத்தின் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையம் இருக்கிறது. கோப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.