வரி நீங்கியும் வாஷிங்டன் ஆப்பிள் பெட்டி விலை இறங்காதது ஏன்?

வணக்கம் ஐயா. அமெரிக்க ஆப்பிளுக்கான 20 விழுக்காடு கூடுதல் வரி 2023 செப்டம்பரில் நீக்கப்பட்ட பிறகும், உங்கள் கடைக்கு வரும் பெட்டியின் விலை ஐந்தில் ஒரு பங்கு குறையவில்லையே, மொத்த வியாபாரி ஏமாற்றுகிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

எஃகு, அலுமினியம் மீது அமெரிக்கா விதித்த வரிக்குப் பதிலடியாக 2019 ஜூனில் இந்தியா சேர்த்தது அந்த 20 விழுக்காடு. அடிப்படை வரியான 50 விழுக்காடு அப்படியே நின்றது. துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்புள்ள பழம் முன்பு வரியோடு 170 ரூபாய், பிறகு 150 ரூபாய். ஆக, குறைந்தது சுமார் 12 விழுக்காடுதான். அதன்மேல் ஏறும் குளிர்பதனக் கிடங்கு வாடகை, லாரி வாடகை, கமிஷன், பெட்டியின் அடியில் நசுங்கிக் கிடக்கும் நாலைந்து பழங்களின் நட்டம் ஆகிய எதையும் வரிக்குறைப்பு தொடுவதில்லை என்பதால், உங்கள் கைக்கு வரும் விலையில் அந்த 12 விழுக்காடும் கரைந்துவிடுகிறது. டாலர் ஏறினால் மிச்சமும் போய்விடும்.

மலிவான வெளிநாட்டுப் பழம் வந்து விலையை இழுத்துவிடவும் வழி குறைவு. கிலோ 50 ரூபாய்க்கு உட்பட்ட மதிப்புள்ள ஆப்பிளை, பூடான் நீங்கலாக, இறக்குமதி செய்ய 2023 மே மாதமே தடை வந்துவிட்டது.

வியாபாரியிடம் கேட்பதானால், வரியை விட்டுவிட்டு, பெட்டியின் நிகர எடையையும் கழிவுப் பழத்துக்கு அவர் கழித்துத் தரும் தொகையையும் கேளுங்கள்.