அண்ணாச்சி பதில்கள்: சந்தா கட்டிய வீட்டில் படம் எங்கே?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே குறையைச் சொல்கின்றன. வீட்டிலிருந்தே படம் பார்க்கச் சந்தா கட்டியவர்களின் மனத்தாங்கல். பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடம் வீடியோ கடை நடத்தியவன் என்று தெரிந்துதான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே. கோயில் கொடை பற்றியும் தாமிரபரணி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. ராத்திரி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடினால்தான் தூக்கம் வரும். அவங்களுக்காகவே போன ஆவணியில் ஒரு வருடச் சந்தா கட்டினேன். அவங்க திரும்பத் திரும்பப் பார்க்கும் ஏழு படங்களைத் தை மாதத்தில் எடுத்துவிட்டார்கள். மாசியிலிருந்து நடுநடுவே விளம்பரம் வேறு. வேண்டாமென்றால் இன்னும் பணம் கட்ட வேண்டுமாம். இது நியாயமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நியாயமில்லை தங்கச்சி. நாம் படிக்காமல் 'சம்மதம்' என்று தொட்டுவிட்டுப் போன அந்த நீளமான பக்கத்தில் இதற்கு இடம்விட்டு ஒரு வரி எழுதியிருப்பார்கள். இருந்தாலும் நியாயமில்லை என்றுதான் சொல்வேன்.

படம் ஏன் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவைகள் காட்டும் பழைய படங்களில் பெரும்பாலானவை அவர்களுக்குச் சொந்தமில்லை. உரிமை வைத்திருப்பவரிடம் இத்தனை மாதம், இத்தனை வருடம் என்று குத்தகை பேசி எடுக்கிறார்கள். வயலைக் குத்தகைக்கு எடுப்பது போலத்தான். கெடு முடிந்தால், புதுப்பிக்க எவ்வளவு ஆகும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்குப் போடுவார்கள். உங்கள் ஆச்சி விரும்பும் படத்துக்கு அந்தக் கணக்கில் எடை குறைவு. அதனால் படம் போய்விடுகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தது படம் அல்ல, அது அங்கே இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டும்.

விளம்பரக் கதை வேறு. சந்தாப் பணம் மட்டும் போதாமல் விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டங்களைக் கொண்டுவந்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்கா உள்ளிட்ட பன்னிரண்டு நாடுகளில் 2022 நவம்பரில் அப்படி ஒன்றைத் தொடங்கியது. விலை குறைவு, விளம்பரம் வரும் என்று முன்னாடியே சொல்லி விற்றால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, வேண்டியவர் வாங்கட்டும். ஒரு வருடத்துக்கான பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஆறாவது மாதத்தில் திட்டத்தை மாற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். 1987இல் மார்க்கெட் பக்கம் நூற்றிருபது கேசட்டோடு கடை திறந்தேன். ஒரு கேசட்டுக்கு நாள் வாடகை பத்து ரூபாய். கொடை முடிந்த மறுநாள் ஊர்க்காரர்கள் டிவியும் டெக்கும் சேர்த்து எடுத்துப்போய், தெருவில் பாயை விரித்து விடியவிடிய மூன்று படம் பார்ப்பார்கள். பத்துப் படத்துக்கு முன்பணம் கட்டினால் பதினொன்றாவது படம் சும்மா என்று ஒரு அட்டையும் போட்டிருந்தேன். 1996இல் வாடகையைப் பன்னிரண்டு ரூபாயாக ஏற்ற வேண்டி வந்தது. இரண்டு வாரம் முன்னாலேயே வாசலில் சிலேட்டில் எழுதி வைத்தேன். வருகிறவர்களிடம் வாயாலும் சொன்னேன். அன்றைக்கு வெளியே இருந்த அட்டைகள் நாற்பத்து மூன்று. அந்த அட்டைகள் தீரும்வரை பழைய விலைதான். முந்நூறு ரூபாய்க்கு மேல் போச்சே என்று என் வீட்டில் கணக்குப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பணத்தை நாம் ஏற்கெனவே வாங்கிவிட்டோமே, வாங்கிய அன்றைக்குச் சொன்ன விலைதானே விலை என்றேன்.

சமாதானபுரத்திலிருந்து ஒரு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஒரே பக்திப் படத்தை எடுப்பார். ஓடி ஓடி ஒரு பாட்டு வரும் இடத்தில் டேப் தேய்ந்து கோடு விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் இன்னொரு பிரதி வாங்கி அலமாரியில் வைத்தேன். அந்தப் படத்தை அவரைத் தவிர வேறு யாரும் எடுத்ததில்லை. ஆனாலும் அவர் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனது வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. சந்தா கட்டிய அன்று வந்த ரசீதையும், விளம்பரம் பற்றி அவர்கள் அனுப்பிய அறிவிப்பையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இனிமேல் வருடச் சந்தா வேண்டாம், சலுகை எவ்வளவு இருந்தாலும் மாதம் மாதம் கட்டுங்கள். ஆச்சியின் ஏழு படங்களையும் யூடியூப்பில் தேடிப் பாருங்கள். பழைய படங்கள் பலவற்றை உரிமை வைத்திருப்பவர்களே முழுசாகப் போட்டிருக்கிறார்கள். டிவிடியாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் வந்து எடுத்துப்போக மாட்டார்கள்.

கேள்வி: நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே முன்பு சிவப்பு உறையில் பட டிஸ்க் தபாலில் வருமாம், பார்த்துவிட்டுத் தபாலிலேயே திருப்பி அனுப்பிவிடலாமாம். 2011இல் அந்தக் கம்பெனி மேல் ஊரே கோபப்பட்டது என்கிறான். என்ன நடந்தது அண்ணாச்சி?
- வாசகர், திசையன்விளை

பதில்: அண்ணாச்சி, அந்தச் சிவப்பு உறை நெட்ஃபிளிக்ஸுடையது. ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ரண்டால்ஃப் என்ற இருவர் 1997இல் ஆரம்பித்த நிறுவனம். 1998இல் டிவிடி அனுப்பத் தொடங்கினார்கள். மறு வருடம் மாதச் சந்தா வந்தது. நாள் கடந்தால் அபராதம் என்ற பேச்சே கிடையாது, வேண்டியமட்டும் வைத்துப் பார்க்கலாம், ஒன்றைத் திருப்பினால் அடுத்தது வரும். திருப்பி அனுப்பும் தபால் செலவும் அவர்களுடையதே. கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அபராதம்தான் எங்கள் தொழிலில் வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் கசப்பை வளர்த்தது. அதை எடுத்துவிட்டதால்தான் மக்கள் அவர்களைக் கொண்டாடினார்கள். 2007இல் இணையம் வழியாகவும் படம் காட்டத் தொடங்கினார்கள்.

2011 ஜூலையில் விலையை மாற்றினார்கள். அதுவரை ஒரு டிஸ்க்கும் இணையமும் சேர்த்து மாதம் 9.99 டாலர். இனி இணையத்துக்குத் தனியாக 7.99, டிஸ்க்குக்குத் தனியாக 7.99. இரண்டும் வேண்டும் என்றால் 15.98, அதாவது அறுபது சதவீதம் கூடுதல். கோபம் கிளம்பியது. செப்டம்பரில் ஹேஸ்டிங்ஸ் தான் தவறு செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டு எழுதினார். சரி, விலையைக் குறைக்கப் போகிறார் என்று நினைத்துத்தான் ஜனங்கள் படித்திருப்பார்கள். அதே எழுத்தில் டிஸ்க் பிரிவை க்விக்ஸ்டர் என்ற புதுப் பெயரில் தனியாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தார். இரண்டு இணையதளம், இரண்டு பில், பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலும் இரண்டு இடத்தில். ஒரே வீட்டுக்காரர் ஒரே படத்தைத் தேட இரண்டு கதவைத் தட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆறு டாலரை ஜனங்கள் ஒருவழியாகப் பொறுத்திருப்பார்கள். மன்னிப்பைக் கேட்டுவிட்டு அடுத்த வரியில் இன்னொரு சுமையைத் தூக்கி வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்றே வாரத்தில், அக்டோபர் 10ஆம் தேதி, க்விக்ஸ்டர் வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விலை மட்டும் ஏறியது ஏறியதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய எட்டு லட்சம் சந்தாதாரர்கள் விலகினார்கள். அப்புறம் நிறுவனம் மீண்டு வளர்ந்ததும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் மகன் இன்னொன்றையும் கவனித்திருப்பார். டிஸ்க்கில் கிடைத்த படங்களில் பல இணையத்தில் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் சட்டம். அமெரிக்காவில் விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கை வாடகைக்கு விடத் தயாரிப்பாளரிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டாம். இணையத்தில் காட்டவோ ஒவ்வொரு படத்துக்கும் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்குக் கெடுவும் உண்டு. ஸ்டார்ஸ் என்ற நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் 2012 பிப்ரவரியில் முடிந்தபோது அது வழியாக வந்த படங்கள் போய்விட்டன. கல்லிடைக்குறிச்சித் தங்கச்சியின் வீட்டில் நடந்ததும் இதேதான். டிஸ்க் அனுப்புவதை 2023 செப்டம்பர் 29இல் நிறுத்தினார்கள். கடைசியாகப் போன டிஸ்க்குகளைத் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அது நல்ல காரியம். இருபத்தைந்து வருடத்தில் ஐந்நூறு கோடிக்கும் மேல் டிஸ்க் தபாலில் போயிருக்கிறது. ஒரு சைக்கிளில் பை மாட்டி ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோன உங்களுக்கு அந்த எண்ணிக்கையின் கனம் என்னைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி: ஒரு மாதம் இலவசம் என்றதால் சேர்ந்தேன். நிறுத்தலாம் என்றால் அந்த இடமே தட்டுப்படவில்லை. மூன்று மாதமாக வங்கியில் பணம் பிடிக்கிறார்கள். போன் பண்ணினால் மெஷின்தான் பேசுகிறது. சவத்த விட்டுத்தொலை என்கிறார் வீட்டுக்காரர். விடவா?
- வாசகி, வள்ளியூர்

பதில்: விடாதீர்கள். முதல் வேலையாகப் பணம் போகும் குழாயை அடையுங்கள். யூபிஐ வழியாகக் கட்டியிருந்தால், நீங்கள் பணம் அனுப்பும் செயலியிலேயே 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் அந்தச் சேவையின் பெயரைத் தொட்டு ரத்து செய்யலாம், அவர்களிடம் கெஞ்ச வேண்டாம். கார்டு என்றால் வங்கியிடம் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையாக்கிய விதிப்படி, மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் வழி தர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி உங்களுக்கு வந்ததா என்று தேடிப் பாருங்கள். விளம்பரம் என்று நினைத்துப் படிக்காமல் தள்ளியிருப்போம்.

சேருவதற்கு ஒரு தொடுகை, விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்று வைப்பது இப்போது தவறு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2023 நவம்பர் 30இல் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு விதிகளில் ஏமாற்று வடிவங்கள் பதின்மூன்று பட்டியலிடப்பட்டிருக்கின்றன. சந்தாவில் மாட்டவைத்து வெளியேறும் வழியை மறைப்பதும் அதில் ஒன்று. 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். சின்னத் தொகைக்கு யார் அலைவார் என்ற நம்பிக்கையில்தான் இப்படிப் பிடிக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: 2023 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பா வைத்திருந்த பழைய கேசட்டுகள் நனைந்துவிட்டன. அதில் 1993இல் நடந்த என் அக்கா கல்யாணக் கேசட்டும் ஒன்று. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாமா?
- வாசகர், சிந்துபூந்துறை

பதில்: போடாதீர்கள் தம்பி. அந்த டிசம்பர் 17, 18இல் ஜங்ஷனும் உங்கள் தெருவும் தண்ணீருக்குள் கிடந்ததை நான் வண்ணார்பேட்டை பக்கம் நின்று பார்த்தேன். கரண்டும் இல்லை, போனும் இல்லை, மாடியில் அண்டை வீட்டார் பேச்சுதான் துணை. கேசட்டின் சிறு ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் வெள்ளையாக மாவு போலப் படிந்திருந்தால் பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் டேப்பும் கெடும், டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் அது ஒட்டும். வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். மேல்கூட்டைக் கழற்றி, டேப்பை மட்டும் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்ட முடியும். பொறுமை வேண்டும், ஒரு கேசட்டுக்கு அரை நாள் ஆகும்.

மற்றப் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கல்யாணக் கேசட்டை முதலில் கவனியுங்கள். வேறெங்கும் பிரதி இல்லாதது அது ஒன்றுதான். என்னிடம் ஒரு டெக் இன்னும் ஓடுகிறது. பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள், முகவரி அனுப்பச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.