வாசகர் கேள்வி – பதில்: விக்கிப்பீடியாவில் பக்கம் அமைத்தல்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பத்தியின் முதல் வரியைச் சற்றே உள்ளே தள்ளித் தட்டச்சு செய்தால், அந்த வரி ஒரு பெட்டிக்குள் அடைபட்டுத் திரையைத் தாண்டி ஓடுகிறது. உள்தலைப்புகளைத் தடித்த எழுத்தில் கொடுத்தும் பொருளடக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மூலத்தை, அதாவது குறிகளோடு கூடிய உரையை, தொகுக்கும்போது வரியின் தொடக்கத்தில் விடும் ஒற்றை இடைவெளியை, 'இந்த வரியை உள்ளபடியே காட்டு' என்னும் கட்டளையாக விக்கி மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்தள்ளலை நீக்கிவிட்டு, இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். ஒருமுறை மட்டும் என்டர் விசையைத் தட்டினால் பத்தி பிரியாது. இரண்டு வரிகளும் ஒன்றாகவே ஓடும்.

தடித்த எழுத்து கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்தாலும் மென்பொருளுக்கு அது வெறும் அழுத்தம்தான். == வரலாறு == என்று இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறிகள் இட்டால்தான் அது உள்தலைப்பாகும்; பொருளடக்கமும் அதிலிருந்தே தானாக உருவாகும். அதன் கீழ்வரும் சிறுதலைப்புக்கு மும்மூன்று குறிகள் இட வேண்டும். ஒற்றைச் சமக்குறி பக்கத்தின் பெயருக்கு உரிய நிலை என்பதால் கட்டுரைக்குள் அதைத் தவிர்ப்பதே வழக்கம்.

சொல்லைத் தடிக்க வைக்க இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள், சாய்க்க இரண்டிரண்டு. வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்து சேரும். அவற்றை மென்பொருள் கண்டுகொள்ளாது. (சாய்வெழுத்து தமிழுக்கு அழகு சேர்ப்பதில்லை என்பது என் கருத்து.)

கேள்வி: தஞ்சாவூர் பற்றிய கட்டுரை இருக்கிறது. ஆனால் நான் 'தஞ்சாவூரில்' என்று இணைப்புக் கொடுத்தால் சிவப்பாகத் தெரிகிறதே, ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்தப் பெயரில் பக்கம் இல்லை என்பதையே சிவப்பு நிறம் சொல்கிறது. நீங்கள் [[தஞ்சாவூரில்]] என்று எழுதியதால், வேற்றுமை உருபோடு சேர்ந்த முழுச்சொல்லையும் பக்கத்தின் பெயராக மென்பொருள் தேடுகிறது. [[மதுரை]]யில் என்பது போல உருபை அடைப்புக்கு வெளியே ஒட்டி எழுதக்கூடிய இடங்களில் தொல்லை இல்லை. ஆனால் தஞ்சாவூர் என்பதன் ஈற்றெழுத்து உருபோடு புணரும்போது மாறிவிடுவதால், [[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]] என்று நிலைக்குத்துக் கோட்டின் இடப்பக்கம் பக்கத்தின் பெயரையும், வலப்பக்கம் வாசகர் காண வேண்டிய சொல்லையும் கொடுக்க வேண்டும். மரம் மரத்தை என்றும் ஆறு ஆற்றில் என்றும் திரிவதால், தமிழில் எழுதுவோருக்கு இந்தக் கோடு அடிக்கடி தேவைப்படும்.

கேள்வி: எண்ணிட்ட பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் 1 என்றே வருகிறது. பழகிப் பார்க்கத் தனி இடம் உண்டா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வரிகளுக்கு நடுவே வெற்று வரி விட்டிருப்பீர்கள். # குறியிட்ட வரிகளை இடைவெளியின்றி அடுத்தடுத்து எழுதுங்கள்; நடுவில் வெற்று வரி வந்தால் பட்டியல் முடிந்துவிட்டதாகக் கருதி எண்ணிக்கை மீண்டும் 1இலிருந்து தொடங்கும். கணக்கு உருவாக்கிக்கொண்டால், பழகுவதற்கு மணல்தொட்டி என்னும் பக்கம் உங்களுக்கென்றே கிடைக்கும். உண்மையான கட்டுரையில் கைவைக்கும்போது, சேமிக்கும் முன் முன்தோற்றத்தைப் பாருங்கள். அப்படியும் பிழை நேர்ந்தால், ஒவ்வொரு சேமிப்பும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகியிருப்பதால் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம். நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் வரும் கையொப்பம், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்துக்கு மட்டும். கட்டுரையில் இட்டால் யாராவது நீக்கிவிடுவார்கள்.