புது கயாக்கின் (துடுப்புப் போடும் சிறு படகு) உள்ளே ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்கிறதா?

அடிப்பாகத்தைச் சந்தேகிக்கும் முன் வடிகால் மூடியின் ரப்பர் வளையத்தையும் கைப்பிடித் திருகுகளையும் பாருங்கள். புது பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) கயாக்கில் பெரும்பாலும் கசிவது இந்த இடங்களில்தான்.

வெயிலில் கிடந்த கயாக்கை அப்படியே தண்ணீரில் இறக்கினீர்களா? உள்ளிருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது, திருகோரத்து முடியளவு இடைவெளி வழியாகக்கூடத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

1. ஒவ்வொரு திருகு, ரிவெட் (மரை இல்லாத பிணைப்பு ஆணி) மேலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வடிகால் துளையில் ஒரு குழாயை வைத்து, சுற்றிலும் துணியால் அடைத்து, வாயால் ஊதுங்கள். கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கேதான் கசிவு.

2. அந்தத் திருகைக் கழற்றி, துடைத்துக் காயவிட்டு, கழுத்தில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) சுற்றிக் கையாலேயே இறுக்குங்கள். டிரில்லால் இறுக்கினால் பிளாஸ்டிக்கில் மரை போய்விடும். சிலிக்கான் இதில் சரியாக ஒட்டாது. ரிவெட் கசிந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

இருக்கையடித் துளைக்குழாயில் (மேலே தேங்கும் தண்ணீர் கீழே வடியும் குழாய்) விரிசல் தெரிந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். படம் எடுத்து, வாங்கிய கடையில் வாரண்டி கேளுங்கள். அதுவரை தண்ணீரில் இறக்க வேண்டாம்.