கையடக்க போட்டோ பிரின்டர் வாங்கலாமா? அதற்கென்று தனிப் பை அவசியமா?

மும்பையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: விசேஷ வீடுகளுக்கு எடுத்துப்போக ஒரு சின்ன போட்டோ பிரின்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன், எந்த வகை நல்லது, அதோடு விற்கும் கேரி கேஸுக்குத் தனியாகக் காசு போட வேண்டுமா, இருக்கிற தோள்பையில் வைத்துக்கொண்டால் ஆகாதா என்று.

நானும் மும்பைதான். வீடு செம்பூரில், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தாராவியில். என்னிடம் இருப்பது கேனான் செல்ஃபி சிபி1500. வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளத்தான் என்றால் பிரின்டர் வாங்காதீர்கள். ஸ்டுடியோவில் 4×6 அளவில் போட்டு வாங்கினால் இதைவிடக் குறைந்த செலவில் முடிந்துவிடும். மனிதர்கள் கூடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், எடுத்த படத்தை அங்கேயே கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அப்போது பையும் பிரின்டரின் பாகம்தான். அதற்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

முதலில் வகையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்தப் பை வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

சட்டைப் பையில் போடுகிற அளவில் இருக்கும் எச்பி ஸ்ப்ராக்கெட் போன்றவை ஜிங்க் பேப்பரில் இயங்குபவை. மையே கிடையாது. பேப்பருக்குள்ளேயே மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று அடுக்குச் சாயப் படிகங்கள் நிறமில்லாமல் உறங்குகின்றன, சூடு பட்டால் நிறம் எழும். 2×3 அங்குல ஸ்டிக்கராக வரும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் மனித முகத்தின் நிறம் அதில் எனக்குத் திருப்தியாக வந்ததில்லை. நம் மாநிறம் பல சமயம் மங்கிப்போகிறது. ஃபியூஜிஃபில்மின் இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் வேறு ஜாதி. அது உண்மையான ஃபிலிம். உள்ளே இருக்கும் சின்ன வெளிச்சம் ஃபிலிமில் படத்தைப் பதிக்க, ரசாயனம் பரவி ஒன்றரை நிமிடத்தில் உருவம் தெளியும். படம் மட்டும் 62×46 மில்லிமீட்டர், பேக்குக்கு 10 ஷீட். அழகான சாதனம்தான், ஆனால் இன்ஸ்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ரே விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்தாத ஃபிலிமை விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அங்கே கதிர் பலமானது. கையோடு எடுத்துப்போங்கள். மெட்ரோ ஸ்டேஷனில் பையைச் சோதிக்கும் இயந்திரத்திலும் திரும்பத் திரும்பப் போகும்போது அந்தக் கதிர் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் என்பதால், தினமும் சுமக்கும் பையில் ஃபிலிமை நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

மூன்றாவது வகை சாயப் பதங்கமாதல் முறை. என்னிடம் இருக்கும் செல்ஃபி பிரின்டர் அந்த வகை. ரிப்பன் என்கிற சாயச் சுருளில் மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் நிறமற்ற காப்புப் படலம் என்று வரிசையாக இருக்கும். பேப்பர் நான்கு தடவை உள்ளே போய் வெளியே வரும். சூட்டின் அளவுக்குத் தக்கபடி சாயம் ஆவியாகிப் பேப்பரில் இறங்கும். 100×148 மில்லிமீட்டர் அஞ்சலட்டை அளவுப் படம் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு வந்துவிடும். மேலே காப்புப் படலம் இருப்பதால் பாயசம் கொட்டினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆல்பத்தில் வைத்தால் 100 ஆண்டு வரை நிற்கும் என்று கேனான் சொல்கிறது. தாத்தா பாட்டிக்குக் கொடுக்கும் படத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். போனோடு நேரடியாக அதன் சொந்த வைஃபையில் இணையும், இன்டர்நெட் தேவையில்லை. சிக்னல் எட்டாத சந்துக்குள் இருக்கும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய வசதி என்று போய் நின்றால்தான் தெரியும்.

அந்த நான்கு தடவை போய்வரும் பயணம்தான் இதன் பலவீனமும். பேப்பர் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் சாயம் இறங்காது, வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சூடேற்றும் தலைப்பகுதியில் பஞ்சு இழையோ மணலோ ஒட்டினால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நீளக் கோடு விழும். விரல் எண்ணெய் பட்டாலும் சாயம் பிடிக்காது, அதனால் பேப்பரை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், பளபளப்பான பக்கம் மேலே பார்த்து இருக்க வேண்டும். இங்கேதான் பை உள்ளே வருகிறது. சாதாரணத் தோள்பையின் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பிஸ்கட் தூள், நூல், டிக்கெட் துண்டு, மண். அதற்குள் பிரின்டரை வைப்பது அந்தத் தூள் அத்தனையையும் அதன் வாய்க்குள் போடுவதற்குச் சமம்.

ஆன்லைனில் கிடைக்கும் கேஸ்களில் பெரும்பாலானவை இவிஏ என்கிற அழுத்தி வார்த்த கெட்டி நுரையால் ஆனவை. அந்த ஓடு நல்லது, லேசானது, இடி தாங்கும். கவனிக்க வேண்டியது உள்பக்கம். சிலவற்றில் உள்ளே கறுப்பு பஞ்சு நுரையை வெட்டி வைத்திருப்பார்கள். அது பாலியூரித்தேன் என்றால் நம் ஊர்க் காற்றுக்கு ஆகாது. ஜூலை மாதம் மும்பையில் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து பாலியூரித்தேன் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொடிப்பொடியாக உதிரும். நான் முதலில் வாங்கிய கேஸ் இரண்டாவது மழைக்காலத்தில் அப்படித்தான் ஆனது. கறுப்புத் தூள், பேப்பர் அடுக்கும் தட்டான கேசட்டைச் செருகும் கதவின் விளிம்பெல்லாம் ஒட்டியிருந்தது. பாலியூரித்தேன் பூசிய போலித் தோலும் அதே காரணத்தால்தான் செதில் செதிலாக உரிகிறது. விரலால் தேய்த்தால் தூள் வராத, வழவழப்பான துணி வைத்துத் தைத்த உள்பக்கம் பாருங்கள். நுரை வேண்டுமென்றால் வளைந்து கொடுக்கும் வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரை (உதிரும் தெர்மாகோல் இல்லை), அது ஈரத்தைக் குடிக்காது. வெல்க்ரோ உள்ளே வேண்டாம், பஞ்சையெல்லாம் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்தக் கேஸ் போன பிறகு நான் கடையில் வாங்கவில்லை, தாராவியில் தைக்கக் கொடுத்தேன். மும்பையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இதையே சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலை அங்கே ஊன்றினார்கள். பதனிடுவது பெரும்பாலும் வெளியே போய்விட்டாலும், பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் கைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள் உங்கள் ஒரே ஒரு பைக்கும் அளவெடுப்பார்கள். நான் போனது தெரிந்த அண்ணாச்சியின் பட்டறைக்கு. முழுக்கத் தோலிலேயே செய்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, முழுத் தோலுன்னா பாரம் கூடும்லா. மழைக்குப் பூசணமும் பிடிக்கும். வெளிய கேன்வாஸ் போடுதேன், பிடிக்கும் மூலைக்கும் மட்டும் தோலு வச்சாப் போதும்" என்றார். தோலை விற்பவரே தோல் வேண்டாம் என்று சொன்னது என் மனதில் அப்படியே நிற்கிறது.

அளவு சொல்லும்போது பிரின்டரை மட்டும் நினைக்காதீர்கள். செல்ஃபியின் உடம்பு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் அகலம், 13 ஆழம், 6 உயரம், எடை 850 கிராம். ஆனால் அதோடு மின்சார அடாப்டர் வருகிறது, பேப்பர் கேசட் தனியாகக் கழன்று வருகிறது, பேட்டரி தனியாக வாங்கினால் அது பின்பக்கம் மாட்டும். கேசட்டை பிரின்டரிலேயே செருகி வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. அதைக் கழற்றி, முன்கதவை மூடி, தனி அறையில் வைக்க வேண்டும். எனக்கு அண்ணாச்சி மூன்று அறை வைத்தார்: நடுவில் பிரின்டர், ஒரு பக்கம் கேசட்டும் ரிப்பனும், இன்னொரு பக்கம் வயர். வயரின் பின் பிரின்டரில் உரசாதபடி நடுவே கெட்டித் தடுப்பு. எடுத்துப் போனதை எல்லாம் ஒன்றுவிடாமல் அறையில் திருப்பி வைத்தாயிற்றா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது, கல்யாண வீட்டில் கிளம்புகிற அவசரத்தில் அது பெரிய நிம்மதி. ஜிப்பின் ரன்னர் உலோகமாக, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், மெல்லிய பிளாஸ்டிக் ரன்னர் முதல் வருடத்திலேயே ஜிப்பின் பல்லைப் பிடிக்காமல் போய்விடும்.

பேப்பரையும் ரிப்பனையும் அவற்றின் உறையோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். ஈரம் ஏறினால் நிறம் மாறும் மணிகள் கிடைக்கின்றன, அதை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். இன்னொன்று, ஏசி அறையிலிருந்து நேராக மழைக்காலக் காற்றுக்குள் பிரின்டரை எடுத்து உடனே பட்டனைத் தட்டாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் கோர்க்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, உள்ளே இருப்பது வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதேபோல், தொடர்ந்து ஓடியதில் சூடாகியிருக்கும் பிரின்டரை ஆறவைத்த பிறகே பைக்குள் வைக்க வேண்டும்.

லோக்கல் ரயிலில் எப்படி என்று கேட்பீர்கள். மும்பைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், பையை முன்னால் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். கேஸை அப்படியே அந்தப் பைக்குள், கதவுப் பக்கம் உங்கள் வயிற்றைப் பார்த்தபடி நிற்கவைத்தால் நெரிசல் முழுக்கப் பின்பக்கக் கெட்டி ஓட்டில் விழும். மேல் தட்டில் போட வேண்டாம், அங்கே அடுத்தவர் பெட்டி இதன் மேல் ஏறும்.

போன இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது மேசை. செல்ஃபி பேப்பரைப் பின்பக்கமும் வெளியே தள்ளி இழுக்கும், அதனால் சுவரோடு ஒட்டி வைத்தால் படம் பாதியில் சிக்கும். ஒரு சாண் இடம் விடுங்கள். தாராவியின் பத்தடி அறைகளில் அந்த ஒரு சாண் கிடைப்பது சுலபமில்லை. நான் ஒரு காலி கேஸையே தலைகீழாகப் போட்டு அதன் மேல் பிரின்டரை வைத்திருக்கிறேன். கெட்டி ஓடுள்ள கேஸ் வாங்கினால் இந்த உபயோகமும் உண்டு. கேசட்டில் 18 தாள் நிற்கும், ஒரு ரிப்பன் சுருள் 36 படத்தோடு முடியும். கூட்டம் பெரிதென்றால் 108 தாளும் மூன்று ரிப்பனும் சேர்ந்து வரும் பெட்டியை வாங்குவது லாபம்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பொங்கலன்று தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்திருக்கும் பெண்களிடம் போய் நின்று பாருங்கள். எல்லார் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது, ஆயிரம் படம் இருக்கிறது. ஆச்சிகளின் சுவரில் மாட்டியிருப்பது என்னவோ ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்டுடியோ படம்தான். ஒரு ஆச்சி தன் பேத்தியோடு பானைக்கு முன்னால் நின்ற படத்தைக் கையில் கொடுத்தபோது, "இது எனக்கா, வச்சுக்கிடவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போனில் காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கையில் வரும் படம் அவர்களுடையதாகிறது. இந்த ஊருக்குப் பிழைக்க வந்து, வீடு மாறி மாறி, மழைவெள்ளத்தில் ஆல்பத்தையெல்லாம் விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு நல்ல படம் கொடுக்க முடிகிற சாதனம் நம்மிடம் இருக்கும்போது, அதைத் தூசியிலும் ஈரத்திலும் விட்டுக் கெடுக்க எனக்கு மனம் வராது.

இன்னொரு உபயோகமும் இருக்கிறது. 35×45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒரே தாளில் எட்டு விழும். பள்ளிச் சேர்க்கைக்கு, வங்கிக்கு, விண்ணப்பத்துக்கு என்று யாருக்காவது எப்போதும் தேவைப்படுகிறது. வெள்ளைச் சுவரும் ஜன்னல் வெளிச்சமும் இருந்தால் போதும். வேலை நேரத்தில் ஸ்டுடியோவுக்குப் போக முடியாத வீட்டுவேலைக்காரப் பெண்களுக்கு இதைச் செய்து கொடுக்கிறேன்.

அப்படிச் செய்தால் ரிப்பனைப் பற்றி ஒரு பொறுப்பு வருகிறது. ஓடி முடிந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்தால் நீங்கள் அடித்த ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் நெகட்டிவ் மாதிரி அதில் தெரியும். பெண்களின், குழந்தைகளின் முகம் அதில் இருக்கிறது. அதனால் காலியான ரிப்பனை விசேஷ வீட்டுக் குப்பையில் போடாமல், பையில் அதற்கென்று ஒரு சின்ன உறை வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சுருளை உருவிக் கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டிய பிறகே எறியுங்கள். கேஸ் தைக்கக் கொடுக்கும்போதே அந்த உறைக்கும் இடம் சொல்லிவிடுங்கள்.